வைக்கோல் தின்றும் இளைக்கும் கிடா

பக்ரீத்துக்காக நான்கு கிடாக்களை மொட்டை மாடியில் கட்டி வளர்க்கும் பல்லாவரத்து வாசகர் ஒருவர், வைக்கோலைத் தீரத் தீரப் போட்டும் அவற்றின் வயிறு மட்டும் பானையாக உப்பியிருக்க, முதுகெலும்பு துருத்திக்கொண்டே இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் கண்ணேறு என்று சொல்லிக் கறுப்புக் கயிறு கட்டச் சொன்னாராம். கயிற்றுக்கான காசில் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு வாங்கலாம் என்பது என் கருத்து, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

புளியந்தோப்புப் பக்கம் காலையில் நடந்தால், முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, முந்தைய இரவு ஒட்டிய சுவரொட்டியை மைதாப் பசையோடு உரித்துத் தின்னும் ஆட்டைப் பார்க்கலாம். காகிதம் பெரும்பாலும் செல்லுலோஸ் என்னும் தாவர நார். வைக்கோலின் பெரும்பங்கும் நார்ப்பொருள்தான். அதை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லாததுபோலவே ஆட்டிடமும் இல்லை. அசைபோடும் விலங்குகளின் நான்கு அறை வயிற்றில் முதல் அறையான முதல் வயிற்றில், ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களே அந்த வேலையைச் செய்கின்றன. ஒரு மில்லிலிட்டர் சாற்றில் அவை ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கும். அவை நாரை நொதிக்க வைத்து வெளியேற்றும் அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களே ஆட்டுக்கு எரிபொருள்.

ஆனால் பாக்டீரியா பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும்; தீவனத்தில் அது பெரும்பாலும் புரதமாகத்தான் வருகிறது. நெல் வைக்கோலில் புரதம் மூன்று, நான்கு சதவீதம்தான் தேறும். தீவனத்தின் புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அவற்றின் பெருக்கம் தடுமாறுகிறது. உடைப்பதற்கு ஆளில்லாத வைக்கோல் நாள்கணக்கில் முதல் வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. பழையது நகராததால் புதியதற்கு இடமில்லை. உங்கள் கிடாவின் பானை வயிறு இப்படி உருவானதாகத்தான் இருக்க வேண்டும், குடற்புழு இல்லை என்பதைச் சாணப் பரிசோதனையில் உறுதிசெய்துகொண்டால்.

இந்தப் பஞ்சத்தை ஆட்டின் உடல் சமாளிக்கும் விதம் என்னை எப்போதும் மயக்கும். புரதம் உடைந்து உண்டாகி, முதல் வயிற்றிலிருந்து இரத்தத்துக்குள் செல்லும் அமோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. நாமாக இருந்தால் அதில் பெரும்பங்கைச் சிறுநீரில் விட்டுவிடுவோம். புரதம் குறைந்த காலத்தில் ஆட்டின் சிறுநீரகமோ அந்த யூரியாவைப் பிடித்துவைத்துக்கொள்ள, அது உமிழ்நீர் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் மீண்டும் முதல் வயிற்றுக்கே வந்து சேர்கிறது; அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்துத் தம் உடற்புரதமாக்கிக்கொள்கின்றன. பிறகு அந்தப் பாக்டீரியாக்களே நான்காம் வயிற்றுக்கு அடித்துச் செல்லப்பட, அங்கே சுரக்கும் லைசோசைம் என்னும் நொதி அவற்றின் சுவரைக் கரைக்க, ஆடு அவற்றைச் செரித்துக்கொள்கிறது. கிடா அசைபோட்டு எச்சிலை விழுங்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நைட்ரஜன் வயிற்றுக்குத் திரும்புகிறது. ஆயினும் வெறும் வைக்கோலில் இந்தச் சுழற்சி உயிரைக் காக்குமே தவிரச் சதையை வளர்க்காது.

ஆகவே இருபது கிலோ கிடாவுக்குக் கடலைப் புண்ணாக்கு, உடைத்த மக்காச்சோளம், தவிடு, சிறிது தாது உப்பு கலந்த அடர்தீவனம் நாளைக்கு 200 கிராம் அளவுக்கு, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கூடவே அகத்தித் தழையோ சவுண்டல் (சூபாபுல்) தழையோ கிடைத்தால் இன்னும் நல்லது. அப்போது, மேலும் ஒன்றைச் சேர்த்துப் போட்டதால் வைக்கோல் குறைவாகத்தான் இறங்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் கிடா முன்னைவிட அதிக வைக்கோலைத் தின்னும், ஏனெனில் வயிறு இப்போது சீக்கிரம் காலியாகிறது.

சவுண்டலை மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். அதிலுள்ள மைமோசின் மயிரை உதிர்க்கும். ஆஸ்திரேலியாவில் மைமோசின் வயிற்றில் சிதைந்து உண்டாகும் நஞ்சால் மாடுகள் அவதிப்பட்டபோது, ஹவாயில் சவுண்டலையே தின்று நலமாக இருந்த ஆடுகளின் வயிற்றில், நஞ்சை முறிக்கும் பாக்டீரியா இருப்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் கண்டறிந்தார்; அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்கும் மாற்றிக் கொடுத்தார்கள். ஆட்டு வயிற்றுச் சாற்றைக் கடல் கடந்து கொண்டுவரும் வேலைக்குப் பணம் கொடுத்த நிர்வாகம் நமக்கும் வாய்த்தால் நன்றாயிருக்கும்.

பண்டிகை நெருங்குகிறதே என்று சோளத்தை அள்ளிப் போட்டால் மாவுச்சத்து ஒரே மூச்சில் நொதித்து, வயிற்றின் அமிலம் ஏறி, நாரை உடைக்கும் பாக்டீரியாக்கள் முதலில் ஒடுங்கும். மிஞ்சினால் கிடாவே படுத்துவிடும். தப்பிப் பிழைத்தாலும், வெள்ளாடு கொழுப்பை முதலில் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றித்தான் சேர்க்கும் என்பதால், கூடிய எடையில் பெரும்பகுதி கறியாகாது.

உயிர் எடையை மட்டும் பார்த்துத் திருப்திப்படவும் கூடாது. வைக்கோல் மட்டும் தின்ற கிடாவின் எடையில் கணிசமான பங்கு, வயிற்றுக்குள் நீரோடு ஊறிக்கிடக்கும் வைக்கோலே. இருபது கிலோ என்று தராசு காட்டினாலும், நன்றாகத் தீனி பெற்ற கிடாவில் தோலும் குடலும் நீக்கித் தொங்கவிடும் உடல் ஒன்பது, பத்து கிலோ இருக்கும். பானை வயிற்றுக் கிடாவில் அது குறையும். அதனால்தான் அனுபவமுள்ள கறிக்கடைக்காரர் வயிற்றைப் பார்ப்பதில்லை. இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை அழுத்திப் பார்க்கிறார்.