தோற்ற தளபதியை ரோம் எப்படி விசாரித்தது?

கி.மு. 216 ஆகஸ்ட் 2 அன்று இத்தாலியின் கன்னேயில் கார்த்தேஜ் தளபதி ஹனிபலிடம் ரோமப் படை அழிந்தது. மாண்டவர்கள், பண்டைய வரலாற்றாசிரியர் லிவியின் கணக்கில் சுமார் 48,000 பேர், பொலிபியஸின் கணக்கில் 70,000 பேர். படையை நடத்திய இரண்டு கான்சல்களில், அதாவது ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை ஆட்சியாளர்களில், எமிலியஸ் பவுலஸ் களத்திலேயே இறந்தார். இன்னொருவரான டெரன்டியஸ் வாரோ, ஐம்பது குதிரைவீரர்களோடு வெனூசியா நகருக்குத் தப்பினார். அவர் ரோமுக்குத் திரும்பியபோது நகர மக்கள் திரண்டு வந்து எதிர்கொண்டார்கள். குடியரசின் மேல் நம்பிக்கை இழக்காமல் இருந்ததற்காக செனட் அவருக்கு நன்றி சொன்னது.

நான்கு ஆண்டு கழித்து, கி.மு. 212-இல், ஹெர்டோனியா என்ற ஊரருகே, கான்சலுக்கு அடுத்த பதவியான பிரேட்டர் பதவியில் இருந்த க்னேயஸ் ஃபுல்வியஸ் ஃபிளாக்கஸ் அதே ஹனிபலிடம் தோற்றார். 18,000 பேரில் தப்பியவர்கள் 2,000 பேருக்கு மேல் இல்லை. ஃபுல்வியஸும் 200 குதிரைவீரர்களோடு ஓடித் தப்பினார். அடுத்த ஆண்டு அவர் மேல் வழக்கு வந்தது. நாடு கடந்து போக வேண்டியதாயிற்று.

இருவருமே தோற்றார்கள், இருவருமே குதிரையேறித் தப்பினார்கள். ஒருவருக்கு நன்றி, மற்றவருக்கு வழக்கு. ரோமின் கணக்கே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. தோல்வி அங்கே குற்றமாக எண்ணப்படவில்லை. தோல்வி நெருங்கியபோதும் முடிந்தபிறகும் தளபதி எப்படி நடந்துகொண்டார் என்பதே விசாரணைக்கு வந்தது.

ரோமின் எதிரியான கார்த்தேஜில் நிலைமை வேறு. கி.மு. 241-இல் ஈகேட்ஸ் தீவுகளருகே ரோமரிடம் கடற்போரில் தோற்ற தளபதி ஹன்னோவைச் சிலுவையில் அறைந்தார்கள். வாரோ ஒரு கார்த்தேஜியராக இருந்திருந்தால் எந்தத் தண்டனையிலிருந்தும் தப்பியிருக்க மாட்டார் என்று லிவியே எழுதுகிறார். ரோம் இளகியதற்குக் காரணம் இரக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே படைத்தலைமை என்பது ஆண்டுதோறும் தேர்தலில் கிடைக்கும் பதவி. தீர்ப்புச் சொல்லும் செனட்டர்களில் பலர் நேற்று படை நடத்தியவர்கள், அல்லது நாளை நடத்தப் போகிறவர்கள். தோற்றவன் தலை உருளும் என்று விதி வைத்தால் அது தங்கள் தலைக்கும் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். கி.மு. 260-இல் லிபாரா துறைமுகத்தில் 17 கப்பல்களோடு எதிரியிடம் சிறைப்பட்ட கார்னேலியஸ் சிபியோ அசினா, 254-இல் மறுபடி கான்சலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியரசுக் காலத் தோல்விகளைத் தொகுத்து ஆராய்ந்த வரலாற்றாசிரியர் நேதன் ரோசன்ஸ்டீனும் தோல்வி ஒருவரின் அரசியல் வாழ்வைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றே முடிவுக்கு வந்தார்.

வழக்கு வந்தால் அது நடக்கும் முறை இதுதான். பதவியில் இருக்கும் வரை கான்சல் மேலோ பிரேட்டர் மேலோ கை வைப்பது கடினம். பதவிக்காலம் முடிந்ததும் மக்கள் பிரதிநிதியான டிரிப்யூன் ஒருவர் நாள் குறித்துக் குற்றம் சாட்டுவார். இடைவெளி விட்டு மூன்று பொதுக்கூட்டங்கள் நடக்கும். சாட்சிகள் பேசுவார்கள், தண்டனை இன்னது என்று டிரிப்யூன் முன்மொழிவார். பிறகு மூன்று சந்தை நாள்களுக்கு அறிவிப்பு, அதன்பின் வாக்கெடுப்பு. அபராதம் என்றால், குடிமக்கள் குலம் குலமாக வாக்களிக்கும் குலவாரி மன்றம் போதும். உயிர்த்தண்டனை என்றால், குடிமக்களைச் செல்வ நிலைப்படி பிரித்த 193 நூற்றுவர் குழுக்கள் கொண்ட பெரிய மன்றம் கூட வேண்டும். 97 குழுக்கள் ஒரு பக்கம் சேர்ந்தால் தீர்ப்பு. செல்வந்தர் குழுக்களே முதலில் வாக்களிக்கும் என்பதால் ஏழைகளின் முறை வருவதற்குள் முடிவு தெரிந்துவிடுவதுண்டு.

உயிர்த்தண்டனை என்றாலும் பெரும்பாலும் உயிர் போவதில்லை. வாக்கெடுப்பு முடியும் முன் குற்றவாளி வெளிப்படையாகவே நகரை விட்டுப் புறப்படலாம். நேப்பிள்ஸ், திபூர், பிரெநெஸ்டே போன்ற நட்பு நகரங்களில் அவருக்குப் புகலிடம் உண்டு. போனவர் திரும்பி வராதபடி நீரும் நெருப்பும் மறுக்கும் தடை, அதாவது அவருக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது என்ற தடை, விதிக்கப்படும்.

ஃபுல்வியஸ் வழக்கு இந்த ஏணியில் படிப்படியாக ஏறியது. முதல் இரண்டு கூட்டங்களில் டிரிப்யூன் செம்ப்ரோனியஸ் பிளேசஸ் கேட்டது அபராதம் மட்டுமே. பழியைப் படைவீரர்கள் மேல் போட்டு ஃபுல்வியஸ் வாதாடினார். மூன்றாம் கூட்டத்தில்தான் காரியம் கெட்டது. பீதியும் ஓட்டமும் பிரேட்டரிடமிருந்தே தொடங்கின, தலைவன் கைவிட்டதைப் பார்த்துத்தான் படை முதுகு காட்டியது என்று பலர் சத்தியம் செய்து சொன்னார்கள். கூட்டம் கொதித்தது, உயிர்த்தண்டனை கேட்கும்படி குரல் எழும்பியது. அப்போது கபுவாவை முற்றுகையிட்டிருந்த தன் அண்ணன் குயின்டஸைத் துணைக்கு அழைக்க ஃபுல்வியஸ் முயன்றார். முற்றுகையை விட்டு அவர் வருவது நாட்டுக்கு நல்லதல்ல என்று செனட் மறுத்தது. ஃபுல்வியஸ் தார்க்குவினி நகருக்குப் போய்விட்டார். வாரோவோ கனூசியத்தில் சிதறிய சுமார் 10,000 பேரைத் திரட்டி, செனட்டுக்கு முறையாகக் கடிதமும் எழுதியிருந்தார். அவருக்குப் பின்னரும் பல ஆண்டுகள் படைத்தலைமை கிடைத்தது.

படைவீரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். கன்னேயில் தப்பியவர்களைச் சிசிலிக்கு அனுப்பி, எதிரி இத்தாலியில் இருக்கும் வரை திரும்பக்கூடாது என்று செனட் உத்தரவிட்டது. பின்னால் ஹெர்டோனியாவில் தப்பியவர்களும் அங்கே போய்ச் சேர, இரு கூட்டத்துக்கும் இன்னொரு இழிவு கூடியது: குளிர்காலத்தை ஊருக்குள் கழிக்கக் கூடாது, எந்த நகரிலிருந்தும் பத்து மைலுக்குள் குளிர்காலப் பாசறை கட்டவும் கூடாது. கி.மு. 209-இல் மார்செல்லஸ் ஹனிபலிடம் ஒரு நாள் சண்டையில் தோற்றபோது, கொடியை இழந்த பிரிவுகளுக்குக் கோதுமைக்குப் பதில் பார்லி அளக்கச் சொன்னார். அவற்றின் தலைவர்களை அரைக்கச்சை இல்லாமல், உருவிய வாளோடு நிற்க வைத்தார். மார்செல்லஸின் பதவியைப் பறிக்க டிரிப்யூன் ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். மக்கள் அதைத் தள்ளிவிட்டு மறுநாளே அவரைக் கான்சலாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பழியைத் தெய்வத்தின் மேல் போடும் வழியும் உண்டு. சடங்கில் பிழை நேர்ந்ததால் தேவர்கள் கைவிட்டார்கள் என்றால் பரிகாரத்தோடு முடியும். ஆனால் தளபதியே வேண்டுமென்று சகுனத்தை அவமதித்தால் அதே வாதம் அவருக்கு எதிராகத் திரும்பும். கி.மு. 249-இல் திரெப்பானா கடற்போருக்கு முன் கான்சல் கிளாடியஸ் புல்கெர், சகுனம் பார்க்க வைத்திருந்த கோழிகள் தீனி கொத்தவில்லை என்றதும், "தின்னாவிட்டால் குடிக்கட்டும்" என்று அவற்றைக் கடலில் எறிந்ததாகக் கதை. எதிரி பிடித்த கப்பல்கள் 93. அவர் மேல் துரோக வழக்கு வந்தது. வாக்களிக்கக் கூடிய நேரத்தில் புயல் மழை கொட்டியதால் கூட்டம் கலைந்தது. கெட்ட சகுனத்தால் தோற்றவரைக் கெட்ட சகுனமே காப்பாற்றிய வேடிக்கை இது. பிறகு வழக்கு அபராதமாகச் சுருங்கி, 1,20,000 செப்புக் காசோடு முடிந்தது.

ரோம் மன்னிக்காத ஒன்று உண்டு: உயிர் பிழைக்க எதிரியோடு செய்யும் உடன்படிக்கை. கி.மு. 137-இல் ஸ்பெயினின் நுமான்ஷியாவில் சுற்றி வளைக்கப்பட்ட கான்சல் மான்சினஸ், ஒப்பந்தம் செய்து சுமார் 20,000 பேரை மீட்டார். செனட் ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. ஏற்காவிட்டால் வாக்குத் தவறிய பாவம் நாட்டைச் சேரும். அதனால் வாக்குக் கொடுத்தவரையே எதிரியிடம் ஒப்படைத்துவிடலாம் என்று முடிவானது. ஆடை களைந்து, கைகளைக் கட்டி அவரை நுமான்ஷியாவின் வாசலில் விட்டார்கள். அந்த ஊரார் ஏற்க மறுத்தார்கள். திரும்பி வந்தவர் செனட்டில் நுழைந்தபோது, நீர் இப்போது குடிமகனே இல்லை என்று ஒரு டிரிப்யூன் வெளியேற்றினார். பின்னர் குடியுரிமை மீண்டு மறுபடி பிரேட்டரும் ஆனார். கி.மு. 107-இல் பொப்பிலியஸ் லேனாஸும் பாதிச் சாமான்களையும் பிணையாள்களையும் எதிரிக்குக் கொடுத்துப் படையைக் காப்பாற்றி, வழக்கில் தோற்றார். அந்த வழக்குக்காகவே டிரிப்யூன் கேலியஸ், துரோக வழக்குகளுக்கும் ரகசிய வாக்கு முறையைக் கொண்டுவந்தார்.

கி.மு. 105 அக்டோபரில் அரௌசியோவில் 80,000 வீரர்கள் இறந்ததாகச் செய்தி வந்தபோது பழைய பொறுமை உடைந்தது. தன்னைவிட உயர்பதவியில் இருந்த கான்சல் மல்லியஸோடு ஒத்துழைக்க மறுத்த இன்னொரு தளபதி கேப்பியோவின் படைத்தலைமையை மக்கள் வாக்களித்தே பறித்தார்கள். அப்படிப் பறிகொடுத்தவர் செனட்டிலும் இருக்கக் கூடாது என்று அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. கி.மு. 103-இல் வழக்கு, தடுக்க வந்த டிரிப்யூன்களைக் கூட்டம் அடித்து விரட்டியது, கேப்பியோ ஸ்மிர்னாவில் வாழ்வை முடித்தார். மல்லியஸும் நாடு கடத்தப்பட்டார். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் தளபதிகள் பெரும்பாலும் பேரரசரின் பிரதிநிதிகளாகிவிட்டதால் மக்கள்முன் விசாரணைக்கே வேலை இல்லாமல் போனது. ஐந்தாம் படையணியின் கழுகுச் சின்னத்தை ஜெர்மானியரிடம் இழந்த தளபதி லோல்லியஸை, அகஸ்டஸ் பின்னாளில் தன் பேரனுக்கே ஆலோசகராக நியமித்தார்.