பழைய பள்ளிக்கூடத்தில் ஃபிளாட்: குளியலறையை எங்கே வைப்பீர்கள்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய கட்டிடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் வேலை. பிள்ளைகள் குறைந்து மூடிய பள்ளிக்கூடத்தை ஃபிளாட்டாக மாற்றலாமா என்று கேட்டு வருகிறார்கள். தாராளமாக மாற்றலாம். நல்ல உயரம், பெரிய ஜன்னல், நீள வராண்டா எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டு வகுப்பறையைச் சேர்த்தால் ஒரு குடும்பம் வசதியாகப் புழங்கலாம்.

வருகிறவர்கள் ஆத்தங்குடிக் கல்லையும் பர்மா தேக்கையும் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் கேட்பது, குளியலறை எங்கே வரும் என்று. அந்தக் காலப் பள்ளிக்கூடத்தில் கழிவறை காம்பவுண்டின் கடைசியில் தனியாக இருக்கும். வகுப்பறைக்குள் தண்ணீர்க் குழாயே போயிருக்காது. இப்போது 8 வீடு என்றால் 8 சமையலறை, குறைந்தது 8 குளியலறை. மாடித்தளமோ தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ். அதன் மேல் குழாய் கசிந்தால் கீழே கறை தெரியவே நாளாகும். அதற்குள் சுவருக்குள் செருகிய கட்டை முனை உளுத்துவிடும். ஆகவே ஈரம் படும் அறைகளை எல்லாம் பின்பக்கம், தனி அஸ்திவாரத்தில், பழைய சுவரில் பாரம் ஏறாதபடி இடைவெளி விட்டுக் கட்டச் சொல்வேன். செலவு கூடும்தான்.

அடுத்தது எடை. "அம்பது பிள்ளைங்க உக்காந்த இடம்தானே சார்?" என்பார்கள். பிள்ளைகள் மணியடித்ததும் எழுந்து போய்விடுவார்கள், சுவர் போகாது. 10 அடி நீளம், 10 அடி உயரத்துக்கு 4½ அங்குலச் செங்கல் தடுப்பு வைத்தால் சுமார் 2 டன். 1,000 லிட்டர் தண்ணீர் 1 டன். தடுப்புக்கு ஜிப்சம் போர்டு போதும். டேங்குக்குத் தரையிலிருந்து தனித் தூண் எழுப்புங்கள்.

அப்புறம், சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசவே பூசாதீர்கள். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிரும். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில், அதாவது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப் பரிசீலிக்கக்கூடிய இடங்களின் பட்டியலில் உள்ளன. அதை வைத்து விலை ஏற்றுகிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலால் ஒரு சுவருக்கும் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது.

வாங்குகிறவர்கள் குழாய் வரைபடத்தையும் தாய்ப் பத்திரத்தையும் சேர்த்தே கேளுங்கள். இங்கே பல பள்ளிகள் தருமத்துக்கு எழுதிக்கொடுத்த இடத்தில் நின்றவை. பள்ளி நடத்த மட்டும் என்று அதில் ஒரு வரி இருந்தால், வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.