டிக்கியில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பொள்ளாச்சி பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் வெள்ளை மாருதி ஸ்விஃப்ட் ஒன்றை என் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தார். 2013 மாடல், இசட்எக்ஸ்ஐ. கூடவே மனைவியும் வயதான அப்பாவும். பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் பார்த்துப் பிடித்துப்போய், பத்தாயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டார். "அண்ணா, ஃபுல் ஆப்ஷன் வண்டிங்க. ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ், அலாய் எல்லாம் இருக்குதுங்க. இதே விலைக்கு 2016 எல்எக்ஸ்ஐ ஒண்ணும் காட்டினாங்க. அதுல ஒண்ணுமே இல்லைங்க. இதுதான் லாபம்னு தோணுச்சு" என்றார்.

பானெட்டைத் திறக்கும் முன் நான் எப்போதும் செய்வது ஒன்றுதான். சீட்டில் உட்கார்ந்து, சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டர் போர்டைப் பார்ப்பேன். எல்லா விளக்கும் எரியும். அதில் ஏர்பேக் விளக்கும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கும் சில நொடி எரிந்து, அந்தச் சிஸ்டம் தன்னைத் தானே சோதித்து முடித்ததும், தானாக அணைய வேண்டும். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் அப்படியில்லை, இன்ஜின் ஓடினால்தான் அணையும். அன்று ஏபிஎஸ் விளக்கு ஒழுங்காக அணைந்தது. ஏர்பேக் விளக்கு அணையவில்லை. ஆயில் விளக்கோடு சேர்ந்து எரிந்துகொண்டே இருந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். ஆயில் விளக்கு அணைந்த அதே நொடியில் ஏர்பேக் விளக்கும் அணைந்தது.

மீட்டரைக் கழற்றிப் பார்த்தபோது சந்தேகம் உறுதியானது. ஏர்பேக் விளக்கின் இணைப்பை அறுத்து ஆயில் விளக்கோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். ஸ்கேனர் மாட்டினால் ஏர்பேக் கம்ப்யூட்டர் பேசவே இல்லை. டார்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்தால், இடது பக்க டேஷ்போர்டில் ஏர்பேக் மூடி இருக்கும் இடம் மட்டும் வழவழப்பாக இருந்தது. சுற்றியிருக்கும் தோல் மாதிரியான வரிகள் அங்கே இல்லை. ஏர்பேக் வெடித்த வண்டி அது. வெடித்த பிறகு உள்ளே எதுவும் மாற்றாமல், மேலே பட்டி பார்த்து மூடி, டிக்கியில் இசட்எக்ஸ்ஐ எழுத்தை மட்டும் பளபளப்பாக விட்டுவைத்திருந்தார்கள். அந்தப் பெரியவர் உட்கார்ந்து வந்த முன் சீட்டுக்கு எதிரே இருந்தது வெறும் பிளாஸ்டிக்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய சின்ன கார் வாங்க வருபவர்களில் பெரும்பாலானவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எல்எக்ஸ்ஐ எடுக்கலாமா, விஎக்ஸ்ஐ எடுக்கலாமா, இசட்எக்ஸ்ஐ எடுக்கலாமா" என்பதுதான். ஒரே காரில் வசதி குறைந்த பேஸ் மாடலிலிருந்து வசதி கூடிய டாப் எண்ட் வரை, ஒவ்வொரு வேரியண்டுக்கும் மாருதி வைக்கும் பெயர்கள் இவை. ஹூண்டாயில் ஈரா, மேக்னா, ஸ்போர்ட்ஸ், ஆஸ்டா. டாடாவில் எக்ஸ்இ, எக்ஸ்எம், எக்ஸ்டி, எக்ஸ்இசட். பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றே. நான் திருப்பிக் கேட்பது, வண்டி எந்த வருடம், எந்த மாசம் தயாரானது என்பதைத்தான். அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாராகும் எல்லா கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதே வருடம் ஜூலை 1 முதல் டிரைவர் ஏர்பேக், முன் சீட் இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை, 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் பீப், ரிவர்ஸ் சென்சார் எல்லாம் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2021 கடைசியில்தான் கட்டாயமானது. ஆகவே 2022-லோ அதற்குப் பிறகோ தயாரான வண்டி என்றால் பேஸ் மாடலைக்கூடத் தைரியமாகப் பார்க்கலாம். 2019 ஜூலைக்கும் 2021 டிசம்பருக்கும் நடுவே தயாரானது என்றால் பக்கத்து சீட் ஏர்பேக்கை மட்டும் தேடிப் பாருங்கள். உதாரணத்துக்கு, 2019 ஜனவரியில் வந்த புது வேகன்ஆரில் டிரைவர் ஏர்பேக் எல்லா வேரியண்டிலும் உண்டு. பக்கத்து சீட் ஏர்பேக் கீழ் வேரியண்ட்களில் ஆப்ஷனாகத்தான் இருந்தது. 2019-க்கு முந்தைய வண்டி என்றால் அந்த எழுத்து அலங்கார விஷயம் இல்லை, உயிர் விஷயம். கவனிக்க வேண்டியது தயாரிப்பு மாசம். பதிவுத் தேதி சில மாதம் பின்தங்கி இருக்கும். இரண்டும் ஆர்.சி.யிலேயே இருக்கின்றன.

உயிர் விஷயம் என்று நான் சொல்வது மிகையில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன கார்களின் கீழ் வேரியண்ட்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம் நட்சத்திரம். ஏர்பேக் இரண்டு வைத்த போலோவைத் தனியாக மோதவிட்டார்கள். அதற்கு நான்கு நட்சத்திரம். பெயரும் உருவமும் ஒன்றான அந்தக் காருக்கு, வேரியண்ட் மாறியதால் பூஜ்யம் நான்கானது. அதன் பிறகு ஏர்பேக் இல்லாத போலோவை அதைத் தயாரித்த ஃபோக்ஸ்வேகன் நிறுவனமே இந்தியாவில் நிறுத்திவிட்டது.

அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. போலோவும் ஃபிகோவும் மோதலில், ஆட்கள் உட்காரும் கூடு கலையாமல் நின்றன. ஆல்டோ 800, நானோ, ஐ10 மூன்றிலும் கூடே தாங்கவில்லை. அவற்றில் ஏர்பேக் வைத்தாலும் பெரிதாகப் பலன் இருக்காது என்று அந்த அமைப்பு சொன்னது. ஆகவே பழைய ஆல்டோவில் டாப் எண்ட் தேடி அலைபவர்களிடம், கூட இருபது முப்பதாயிரம் போட்டு வேறு மாடலுக்கு நகர முடியுமா என்று பார்க்கச் சொல்கிறேன்.

ஸ்விஃப்டுக்கு வருகிறேன். 2011 முதல் 2018 தொடக்கம் வரை ஓடிய பழைய உருவத்தில், ஏர்பேக் முதலில் இசட்எக்ஸ்ஐ-யில்தான் வந்தது. 2015-ன் பின்பாதியில் கீழ் வேரியண்ட்களிலும் ஆப்ஷனாகக் கொடுத்தார்கள். அந்த வண்டிகளின் ஆர்.சி.யில் வேரியண்ட் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஆப்ஷனைக் குறிக்கும் 'ஓ' என்று ஓர் ஆங்கில எழுத்து வரும். டிக்கியில் அது இருக்காது. விற்பவருக்கே பல நேரம் தெரியாது. தெரிந்தாலும் அதற்கென்று விலை கூட்டிக் கேட்பவர்கள் குறைவு. அலாய் வீலுக்குக் கேட்பார்கள், டச் ஸ்கிரீனுக்குக் கேட்பார்கள், இந்த 'ஓ'வுக்குக் கேட்பதில்லை. என்னிடம் வருபவர்களுக்கு நான் தேடச் சொல்லும் முதல் எழுத்து அதுதான்.

ஆர்.சி.யில் வேரியண்ட் பெயர் இருக்கும், இன்சூரன்ஸ் பாலிசியிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் வீட்டில் உட்கார்ந்தே ஓரளவு சரிபார்க்கலாம். எழுத்து ஸ்டிக்கர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எல்எக்ஸ்ஐ-யில் இசட்எக்ஸ்ஐ ஒட்டி, அலாய் மாட்டி, ஃபாக் லேம்ப் வைத்து, சீட் கவர் போட்டால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பானெட்டைத் திறந்தால் தெரிந்துவிடும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் கைப்பிடி அளவு அலுமினியக் கட்டி ஒன்று இருக்கும், அதற்குள் பிரேக் பைப் ஆறு போகும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இரண்டு, நாலு சக்கரத்துக்கு நாலு. கட்டி இல்லையென்றால் ஏபிஎஸ் இல்லை, அவ்வளவுதான். சக்கரத்தின் உள்பக்கம் ஹப்புக்கு வரும் மெல்லிய சென்சார் ஒயர் அறுந்து தொங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னால் சேர்க்க முடியாததற்கு மட்டும் வேரியண்டில் காசு கொடுங்கள் என்பதுதான் நான் வருகிறவர்களிடம் சொல்வது. ஏர்பேக்கையும் ஏபிஎஸ்ஸையும் எந்தக் கடையிலும் சேர்க்க முடியாது. பின் சீட்டில் தலை சாய்க்கும் ஹெட்ரெஸ்ட், டிரைவர் சீட்டை உயர்த்தும் வசதி இரண்டும் அப்படியே. சீட் உயரத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் ஓட்டப்போகிறார் என்றால், அந்த லீவர் இல்லாத வண்டியில் பானெட் எங்கே முடிகிறது என்றே தெரியாது. தலையணை வைத்து ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரேக் போடும்போது அது நழுவும், வேண்டாம். வால்பாறை, ஊட்டி என்று மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர்கள் பின் கண்ணாடியின் வைப்பரையும், கண்ணாடியில் படியும் ஆவியை நீக்கும் டீஃபாகரையும் கேட்டு வாங்குங்கள். மழையில் சின்ன காரின் பின் கண்ணாடி இரண்டு நிமிடத்தில் சேறு பிடித்துவிடும்.

ஆல்டோ 800 ஸ்டாண்டர்டில் ஏசியும் கிடையாது, பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. விலை குறைவென்று வாங்கிப் பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். செலவும் கூடும், வேலையும் கம்பெனி வேலை மாதிரி இருக்காது.

மற்றவை எல்லாம் கடையில் கிடைக்கும். மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் என்று எதுவானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்பதில்தான் சிக்கல். ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி இறங்கிவிடுகிறது என்று ஒருவர் பேஸ் மாடல் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு பேட்டரி மாற்றிப் பார்த்துவிட்டார். டோர் பேடைக் கழற்றினேன். பவர் விண்டோ மோட்டாருக்குக் கம்பெனி ஒயரின் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி கரண்ட் எடுத்திருந்தார்கள். ஃபியூஸ் இல்லை, ரிலே இல்லை. டேப்பின் பசை வெயிலில் உருகி, கதவு திறந்து மூடும் இடத்தில் ஒயர் உரசி, செம்பு வெளியே தெரிந்தது. கையில் எடுத்து அவரிடம் காட்டியபோது அந்த இடம் கருகிப்போயிருந்தது. வண்டி எரியாமல் தப்பியதே பெரிது.

அதனால் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் நிறைய உள்ள பேஸ் மாடலைப் பார்த்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பாருங்கள். ஒயரை இணைக்கும் கப்ளர் போட்டு மாட்டியிருந்தால் சரி. கறுப்பு டேப் கொத்தாகத் தொங்கினால், அதைச் சரிசெய்யும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். ஒன்றுமே போடாத, கம்பெனி ஒயரிங் கைபடாத பேஸ் மாடல் எனக்கு எப்போதும் மேல்.

விலைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2018 பிப்ரவரியில் புது ஸ்விஃப்ட் வந்தபோது டெல்லி ஷோரூம் விலை எல்எக்ஸ்ஐ 4.99 லட்சம், இசட்எக்ஸ்ஐ 6.49 லட்சம். ஒன்றரை லட்சம் வித்தியாசம். அந்த உருவத்தில் ஏர்பேக் இரண்டும் ஏபிஎஸ்ஸும் எல்லா வேரியண்டிலும் உண்டு என்பதால், அந்த ஒன்றரை லட்சம் முழுக்க வசதிக்கானதுதான். இன்சூரன்ஸ் கணக்கில் ஐந்தாவது வருடம் வண்டி மதிப்பில் 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். வித்தியாசமும் பாதியாகி முக்கால் லட்சத்துக்கு வந்துவிடும். சந்தையில் அதைவிடவும் குறையும். அதனால் பழைய கார் சந்தையில் டாப் எண்ட் மலிவாகத் தெரியும். வாங்கும்போது மட்டும்தான் மலிவு. பழைய ஸ்விஃப்டில் எல்எக்ஸ்ஐ-க்கு 165/80 ஆர்14 டயர், இசட்எக்ஸ்ஐ-க்கு 185/65 ஆர்15. நாலு டயர் மாற்றும்போது வித்தியாசம் பையில் தெரியும். பள்ளத்தில் விழுந்து ஸ்டீல் ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்திவிடலாம், அலாய் விரிசல் விட்டால் மாற்ற வேண்டியதுதான். பட்டன் ஸ்டார்ட் வண்டிக்கு இரண்டு ஸ்மார்ட் சாவியும் கையில் வாங்குங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொன்றின் விலையைக் கழியுங்கள். ஆட்டோமேட்டிக் ஏசியை எல்லா வேகத்திலும், சூடு குளிர் இரண்டிலும் வைத்துப் பாருங்கள்.

விலை ஒன்றாக இருந்து, பழைய டாப் எண்டா புதிய பேஸ் மாடலா என்று வந்தால்? இரண்டுமே 2019-க்கு முந்தையது, இரண்டும் ஒழுங்காக ஓடியது என்றால், ஏர்பேக் உள்ளதைத்தான் எடுக்கச் சொல்வேன், அது மூன்று வருடம் பழையதாக இருந்தாலும். புதியது 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானது என்றால், பக்கத்து சீட் ஏர்பேக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் புதியதை எடுங்கள்.

அந்த ஆசிரியருக்கு முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. "நாங்க வாங்கும்போதே வண்டி அப்படித்தாங்க இருந்துச்சு" என்று கன்சல்டிங்கில் சொன்னார்களாம். மூன்று வாரம் கழித்து இன்னொரு வண்டியோடு வந்தார். 2017 விஎக்ஸ்ஐ, சிங்கிள் ஓனர், ஆர்.சி.யில் அந்த 'ஓ' இருந்தது. ஸ்டீல் ரிம், வீல் கேப்பில் ஒன்று காணோம், பின் பம்பரில் கீறல். சாவியை ஆன் செய்து நாங்கள் இருவரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏர்பேக் விளக்கு எரிந்தது, சில நொடியில் தானாக அணைந்தது. அவருடைய அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தார். சுருளிலிருந்து கடைசி வரை இழுத்துக் காட்டச் சொன்னேன். வெள்ளத்தில் மூழ்கியதற்கான சேறு இல்லை, விபத்தில் அறுத்ததற்கான வெட்டு இல்லை. "இப்போ மாட்டிக்கோங்க ஐயா" என்றேன்.