நைட் ஷிப்ட் முடிந்த கையோடு காதைச் சோதிக்காதீர்கள்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் காது பரிசோதனை முகாம் என்றால் பெரும்பாலும் காலை ஏழு மணிக்கே வேனைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வார்கள். ஆறு மணிக்கு ஷிப்ட் முடித்தவர்கள் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நிர்வாகத்துக்கு வசதி, ரிப்போர்ட்டுக்குக் கேடு. இரவு முழுக்க பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றவரின் ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் பள்ளம் விழும் (எண் கூடினால் கேட்பது குறைவு). வார விடுமுறையை ஸ்ரீராமபுரத்து வீட்டில் கழித்துவிட்டு வந்தால் அதே காது 25 காட்டுவதும் உண்டு. அந்த முதல் அளவில் நிரந்தரப் பாதிப்போடு வேறு மூன்றும் கலந்திருக்கின்றன: சத்தத்தில் காது தற்காலிகமாகச் சோர்ந்தது, ஆள் தூங்காதது, அவருடைய உடல் கடிகாரத்தில் அப்போது மணி என்ன என்பது.

முதல் இரண்டும் காதைச் சோதிக்கும் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். மூன்றாவதை யாரும் கேட்பதே இல்லை.

உடலின் தலைமைக் கடிகாரம் மூளையின் ஹைபோதாலமஸில் இருக்கிறது. சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சிறு முடிச்சு அது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் கடிகாரம் அங்கே மட்டும் ஓடவில்லை. 2018ல் உடல் கடிகாரத்தை ஆராயும் சச்சிதானந்த பாண்டாவும் சக ஆய்வாளர்களும் பபூன் குரங்குகளின் 64 திசுக்களை 24 மணி நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை என்ற கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். புரதம் தயாரிக்கும் மரபணுக்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஏதாவது ஒரு திசுவில் நாளின் நேரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கின. மூளைக்குள்ளேயே ஒரு பகுதியில் உச்சத்தில் இருக்கும் மரபணு இன்னொரு பகுதியில் அதே நேரத்தில் உச்சத்தில் இருக்க வேண்டியதில்லை. பபூன் நம்மைப் போலப் பகலில் விழித்திருக்கும் விலங்கு என்பதால்தான் இந்த ஆய்வுக்கு இவ்வளவு மதிப்பு.

காதைப் பற்றிய நேரடிச் சான்றுகள் எலியிடமிருந்து வருகின்றன. உள்காதின் நத்தைச் சுருளிலும், ஒலிச் செய்தி மேலே போகும் வழியில் நடுமூளையில் இருக்கும் நிலையத்திலும் கடிகார மரபணுக்கள் இயங்குகின்றன. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பார்பரா கான்லன் குழு 2014ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு சத்தத்தைப் பகலில் கேட்ட எலிகள் தேறிவிட்டன. இரவில் கேட்டவற்றுக்குப் பாதிப்பு நிலைத்துவிட்டது. இதைப் படித்துவிட்டு ‘இரவுச் சத்தம் காதுக்கு ஆபத்து’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எலிக்கு இரவுதான் வேலை நேரம். அதன் இரவை அப்படியே நம் இரவாக எடுத்துக்கொள்ள முடியாது. அட்ரினல் சுரப்பியின் ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று பின்னர் தெரிந்தது. நமக்கு அந்த ஹார்மோன் விடியற்காலையில் ஏறும், எலிக்கு அந்தி சாயும்போது.

ஆகவே பரிசோதனைக்கு வருபவரிடம் கேட்க வேண்டியது: கடைசி ஷிப்ட் எப்போது முடிந்தது, எத்தனை மணி நேரம் தூங்கினார், எத்தனை நாளாக நைட் பார்க்கிறார். இந்த மூன்றையும், சோதித்த நேரத்தையும் ஆடியோகிராமின் மேல் ஓரத்தில் எழுதிவையுங்கள். பின்னால் ஒப்பிடுவதற்கான அடிப்படை அளவு எடுப்பதற்கு முன் குறைந்தது 14 மணி நேரம் சத்தத்தில் இருந்து விலகியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டும் அதே ஷிப்டில், அதே நேரத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் பட்டனைத் தாமதமாக அழுத்துவார், சில சமயம் ஒலியே இல்லாதபோதும் அழுத்துவார். 1000 ஹெர்ட்ஸை இரண்டாம் முறை பாருங்கள். 5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். மூளைத்தண்டின் எதிர்வினையை அளக்கும் பெரா சோதனையில் தூக்கம் இடைஞ்சல் இல்லை. ஆனால் உடல் வெப்பம் குறைந்தால் அலைகள் கொஞ்சம் பிந்தி வரும், அந்த வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்குவது விடியலுக்குச் சற்று முன்புதான்.

ஷிப்டில் இருப்பவர்களுக்குக் கடிகாரத்தைவிட முதலில், எவ்வளவு சத்தத்தில் எத்தனை நேரம் இருக்கலாம் என்ற கணக்கு முக்கியம். 85 டெசிபலில் 8 மணி நேரம், 88ல் 4, 91ல் 2 என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷின் பரிந்துரை. 8 மணி நேரத்துக்கு நம் தொழிற்சாலை விதிகள் வைக்கும் 90 டெசிபல் அதைவிடத் தளர்வானது. ஓவர்டைம் சேர்ந்து 12 மணி நேரம் ஆகும்போது காது தேறக் கிடைப்பதும் 12 மணி நேரம்தான், அதிலும் பஸ் பயணம் போக மிச்சம். ஸ்பாஞ்சு இயர்பிளக்கை மெல்லிதாக உருட்டி, எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, அது உப்பும்வரை 30 வினாடி விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் போட்டதற்குப் பலன் சொற்பம்.

எலக்ட்ரானிக் சிட்டி கால்சென்டர்களில் ஹெட்செட் மாட்டி இரவில் பேசுகிறவர்களுக்குச் சிக்கல் வேறு. பக்கத்து இருக்கைக்காரரின் குரலை அமுக்கத்தான் வால்யூமை ஏற்றுகிறார்கள். இரண்டு காதையும் மூடும் ஹெட்செட் வந்தாலே பலருக்கு அதைக் குறைக்க முடிகிறது.

பகல் தூக்கத்துக்குச் சட்டத்தின் துணையும் குறைவு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல் வரம்பு என்பது இரவு 10 முதல் காலை 6 வரைக்குத்தான். அதன் பிறகு 55. நைட் பார்ப்பவரின் ‘இரவு’ காலை எட்டுக்குத்தான் ஆரம்பிக்கிறது. தெருப் பக்கம் இல்லாத அறை, கனமான திரை, இவை இரண்டும் முதலில். காதிரைச்சல் உள்ளவர்கள் மட்டும் இயர்பிளக்கோடு தூங்க வேண்டாம். வெளிச்சத்தம் அடங்கினால் அந்த இரைச்சல் ஓங்கிக் கேட்கும். அவர்களுக்கு ஃபேன் சத்தமே போதும்.