கவுன்சில், கவுன்சல்: அவையும் அறிவுரையும்

'மனச்சோர்வு நீடித்தால் கவுன்சிலரை அணுகவும்' என்று எழுதப்பட்ட ஒரு வரி, படிப்பவரை உள்ளாட்சி மன்ற உறுப்பினரின் வீட்டு வாசலுக்கே அனுப்பிவிடக்கூடும். எழுதியவர் கருதியதோ மனநல ஆலோசகரை. ஒலியில் ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் இருக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களைத் தமிழில் ஒரே எழுத்தில் எழுதிவிடுவதால் வரும் குழப்பம் இது.

ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வேறுபடுவது இறுதிப் பகுதியில்தான். 'சி, ஐ, எல்' என்று முடியும் கவுன்சில் ஒரு குழுவைக் குறிக்கும். 'எஸ், ஈ, எல்' என்று முடியும் கவுன்சல் அறிவுரையையும், அறிவுரை கூறுவதையும், நீதிமன்றத்தில் ஒருவருக்காக வாதாடும் வழக்கறிஞரையும் குறிக்கும். பேச்சில் பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றுபோலவே ஒலிப்பதால், வேறுபாடு காதுக்கு எட்டாமல் கண்ணுக்கு மட்டுமே எட்டுகிறது.

பிறப்பிலும் இவை வெவ்வேறு சொற்களே. 'கொன்கிலியும்' என்ற லத்தீன் சொல்லுக்கு, அழைத்துக் கூட்டப்பட்ட கூட்டம் என்று பொருள். அதனுள் இருக்கும் 'கலாரே' என்ற வினை கூவி அழைத்தலைக் குறிக்கும். ரோமானியர் மாதத்தின் முதல் நாளுக்கு வைத்த பெயரும், அதன் வழியாக வந்த காலண்டர் என்ற சொல்லும் இந்த வினையிலிருந்தே கிளைத்தன. 'கொன்சிலியும்' என்பதோ கலந்து ஆராய்தலையும் அதில் பிறக்கும் முடிவையும் குறித்தது. கன்சல்டன்ட் என்ற சொல் இதற்கு உறவு. பிற்கால லத்தீனில் இகரத்துக்கு முன் வரும் ககர ஒலி திரிந்து சகரத்தை நெருங்கியபோது இரண்டும் ஒலியில் கலந்தன. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபின் பல நூற்றாண்டுகள் ஒன்றுக்கு மற்றொன்றாகவே எழுதப்பட்டு, 16ஆம் நூற்றாண்டிலிருந்துதான் இன்றைய பிரிவு மெல்ல நிலைபெற்றது. பழைய கலப்பின் தடம் இன்னும் முழுவதும் அழியவில்லை: பிரிட்டனில் அரசரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் 'சி' கொண்டு எழுதப்பட்டாலும், அதன் உறுப்பினரை 'எஸ்' கொண்டு எழுதுவதே மரபு. அவர் அவையில் அமர்பவர் என்பதைவிட அரசருக்கு அறிவுரை கூறுபவர் என்பதே அங்கு முன்னிற்கிறது.

தமிழில் முதற்சொல்லுக்கு அவை, மன்றம் என்ற இரண்டும் பொருத்தமானவை. பாதுகாப்பு அவை, மேலவை, நகர்மன்றம் என்று இடத்துக்கேற்ப இச்சொற்கள் முன்பே வேரூன்றியிருப்பதால், கவுன்சிலரை மன்ற உறுப்பினர் என்று எழுதுவதில் தடையேதும் இல்லை.

இரண்டாவது சொல்லுக்குத்தான் கவனம் வேண்டும். பொதுவான பொருளில் அறிவுரை அல்லது ஆலோசனை, நீதிமன்றத்தில் வழக்கறிஞர் என்பன போதும். திருக்குறள் காலத்தில் ஆராய்ந்து எண்ணுதலைக் குறித்த 'சூழ்ச்சி' என்ற அருமையான சொல், இன்று சதி என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டதால் இங்கே உதவாது. மாணவர் சேர்க்கையில் இடம் தேர்ந்தெடுக்கும் நடைமுறைக்குக் கலந்தாய்வு என்ற சொல் செய்தித்தாள்கள் வழியாகவே நிலைத்துவிட்டது. ஆனால் அதே சொல்லை மனநலச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினால், துயரத்தோடு வருபவர் ஏதோ கூட்டத்துக்கு அழைக்கப்பட்டதாகத் தோன்றும். அங்கே ஆற்றுப்படுத்துதல் என்பதே என் தேர்வு. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்ற கலைஞர் பெறாதவருக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை இலக்கியம் இந்தப் பொருளில் எழுந்ததுதான். துயரைத் தணித்தலைக் குறிக்கும் 'ஆற்று' என்ற வினையின் சாயலும் கேட்பவர் மனத்தில் அதனோடு சேர்ந்தே எழுகிறது.

ஆகவே முதலில் காட்டிய வரியை, 'மனச்சோர்வு நீடித்தால் ஆற்றுப்படுத்துநரை அணுகவும்' என்று எழுதலாம். அந்தச் சொல் புதிதாகத் தோன்றும் வாசகருக்கு மனநல ஆலோசகர் என்றும் எழுதலாம். ஆங்கிலச் சொல்லையே எழுத நேர்ந்தால், அவையைக் குறிக்கும் இடத்தில் 'சி'யும் அறிவுரையைக் குறிக்கும் இடத்தில் 'ச'வும் இட்டு, கவுன்சிலர், கவுன்சலர் என்று பிரித்து எழுத வேண்டும். அப்படிப் பார்த்தால், பரவலாக எழுதப்படும் 'கவுன்சிலிங்' என்பதும் 'கவுன்சலிங்' என்றே இருக்க வேண்டும்.