உட்காருவது மட்டும்தான் பழக்கம்

லண்டனுக்கு வடக்கே வால்தம் கிராஸ் என்ற ஊரில், 1860-களில், தபால் துறை அதிகாரி ஒருவர் தினமும் காலை ஐந்தரை மணிக்கு எழுதுமேசை முன் உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்துக்குக் காபியோடு வந்து எழுப்புவதற்கென்றே, குதிரை லாயத்தில் வேலை பார்த்த முதியவருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதை வாசிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்ற கணக்கில் எழுதுவார். எட்டரைக்கு எழுந்தால் அன்றைய எழுத்து வேலை முடிந்தது. மிச்சப் பொழுது தபால் துறைக்கு. ஆண்டனி டிராலப் என்ற அந்த மனிதர் 47 நாவல்களை எழுதி முடித்தார்.

1882-ல் அவர் இறந்தார். அடுத்த வருஷம் வெளிவந்த சுயசரிதையில் இந்தக் கணக்குகளை எல்லாம் மறைக்காமல் சொல்லியிருந்தார். நாவலாசிரியரைச் செருப்புத் தைப்பவரோடு ஒப்பிட்டும் இருந்தார். இலக்கியம் என்பது உள்ளிருந்து பொங்கி வருவது என்று நம்பியவர்களுக்கு அது உவப்பாக இல்லை. எனக்கோ அந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்த இடமே அந்தக் கணக்குகள்தான். பல வருஷங்களாகச் சிறுகதை எழுதி வருகிறேன். அந்த வருஷங்களில் பெரும்பகுதி, எழுத வேண்டும் என்ற ஆசை இருந்தும் எழுதாமல் போன நாட்கள். ஆசை இருந்தும் கை ஏன் நகரவில்லை என்ற கேள்விக்குப் பதில் தேடித்தான் பழக்கம் பற்றிய ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கினேன்.

தமிழில் ‘பழக்கம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று ஒளவை சொல்வது பயிற்சியால் வரும் தேர்ச்சியை. உளவியலாளர்கள் பேசும் பழக்கம் வேறு: ஓர் இடமோ, நேரமோ, முந்தைய செயலோ குறிப்பு கொடுத்தவுடன், யோசனையே இல்லாமல் உடம்பு செய்துவிடும் காரியம்.

இதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் நடந்து 2011-ல் வெளியான ஒரு சோதனை. படம் பார்க்க வந்தவர்களில் சிலருக்கு அப்போது பொரித்த பாப்கார்னும், சிலருக்கு ஒரு வாரப் பழசான பாப்கார்னும் கொடுத்தார்கள். சினிமா என்றாலே பாப்கார்ன் என்று ஆகிப்போனவர்கள், பழசையும் கிட்டத்தட்ட புதுசு அளவுக்கே தின்றார்கள். நன்றாக இல்லை என்று அவர்களுக்குத் தெரியும், ஆனாலும் கை நிற்கவில்லை. அதே ஆட்களைப் போன்றவர்களைச் சாதாரணக் கூட்ட அறையில் உட்காரவைத்தபோது பழசைத் தொடுவது குறைந்தது. பழக்கமில்லாத கையால் தின்னச் சொன்னபோதும் குறைந்தது. வெண்டி வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் செய்த சோதனை இது. பழக்கம் ஆசையைக் கேட்டு நடப்பதில்லை, இடத்தையும் கையையும் கேட்டு நடக்கிறது.

மூளைக்குள் என்ன ஆகிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆன் கிரேபியலின் குழு எலிகளிடம் பார்த்தது. ‘டி’ வடிவப் பாதை. ஓர் ஒலி கேட்டால் ஒரு பக்கம், வேறு ஒலி கேட்டால் மறுபக்கம் திரும்ப வேண்டும், திரும்பினால் சாக்லேட். மூளையின் அடியில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் நுண்மின்முனைகளைப் பொருத்தி நியூரான்கள் என்ற நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். முதல் நாட்களில் எலி ஓடும் தூரம் முழுக்க அங்கே பரபரப்பு. ஓடிப் பழகிய பிறகு பரபரப்பு இரண்டே இடங்களில் குவிந்தது: ஓட்டம் தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று. நடுவில் அமைதி. தொடக்கத்தையும் முடிவையும் முடிச்சுப் போட்டு, முழு ஓட்டத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டது மூளை. 1999-ல் வெளியான இந்த முடிவுதான், பழக்கம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது.

கதை எழுதுகிறவருக்குச் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். எலியின் பாதை தினமும் ஒன்றே. கதைக்குள் நேற்றுப் போன வழியில் இன்று போக முடியாது. அடுத்த வரியில் அந்த அம்மா மகனைத் திட்டுவாளா, அழுவாளா, சோற்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் போவாளா என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேட வேண்டும். அந்த நடுப்பகுதியை எந்த ஸ்ட்ரையேட்டமும் மூட்டை கட்டித் தராது. தந்துவிட்டால் அது நல்ல கதையாகவும் இருக்காது.

அப்படியானால் தினமும் எழுதும் பழக்கம் என்று ஒன்று உண்டா? பிரிட்டனின் பெஞ்சமின் கார்ட்னரும் சகாக்களும் 2016-ல் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தார்கள். ஒரு காரியத்தைத் தொடங்கும் முடிவு தானாக வருவது ஒரு வகைப் பழக்கம். காரியத்தின் உள்ளே ஒவ்வொரு அடியும் தானாக நடப்பது இன்னொரு வகை. ஒருவர் எத்தனை தடவை அந்தக் காரியத்தைச் செய்கிறார் என்பதோடு வலுவாகத் தொடர்புள்ளது முதல் வகைதான். அவர்கள் ஆராய்ந்தது உடற்பயிற்சி போன்ற காரியங்களை. ஆனால் படித்தபோது என் மேசையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது. எழுதுவதைப் பழக்கமாக்க வேண்டியதில்லை. நாற்காலியை இழுத்து, நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றுவது வரைக்கும் பழக்கமானால் போதும். அதற்குப் பிறகு வருவது ஒவ்வொரு நாளும் உழைப்புதான்.

ஆசையின் கதை என்ன? நாவல் எழுதத் தொடங்கியவர்கள் பலரும் சொல்வது: முதல் வாரம் தூக்கமே வராத உற்சாகம், மூன்றாவது வாரம் நோட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சோம்பல் என்று தன்னையே திட்டிக்கொள்கிறார்கள். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளிடம் கண்டதைப் படித்தால் திட்டத் தோன்றாது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது, டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் குரங்கின் நியூரான்கள் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஒரு குறிப்பு வரும் என்று கற்றுக்கொண்ட பிறகு துடிப்பு அந்தக் குறிப்புக்கு நகர்ந்தது. எதிர்பார்த்தபடி சாறு வந்தபோது புதிதாகத் துடிப்பு இல்லை. குறிப்பு வந்தும் சாறு வராதபோது, வழக்கமான துடிப்பும் தாழ்ந்தது. ஆக டோபமின் அளந்து சொல்வது இன்பத்தை அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலான வித்தியாசத்தை.

அமெரிக்காவின் மிச்சிகனில் கென்ட் பெரிட்ஜ் என்ற நரம்பியலாளர் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். டோபமினை ஏறத்தாழ முழுவதும் இழந்த எலிகளின் வாயில் இனிப்பைச் சொட்டினால் அவை ரசித்து நக்கின. ஆனால் எதிரில் உணவு இருந்தும் போய் எடுத்துத் தின்னவில்லை. பிடிப்பதும் நாடிப் போவதும் மூளையில் இரண்டு தனி ஏற்பாடுகள். ‘எழுதுவது எனக்குப் பிடிக்கும், ஆனால் உட்காரவே மாட்டேங்குது’ என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை.

இவற்றைச் சேர்த்து நான் புரிந்துகொண்டது இது. இது என் ஊகம், சோதனையில் நிரூபித்த முடிவு அல்ல. கதை மனதில் இருக்கும்போது மின்னுகிறது. தாளில் வந்தவுடன் மங்குகிறது. தினமும் உட்காரும்போது எதிர்பார்ப்பு உயரத்தில், கிடைப்பது தாழ்வில். இப்படி இருபது நாள் ஏமாந்த மூளைக்கு மேசையே ஏமாற்றத்தின் குறிப்பாகிவிடுகிறது. அதனால் அன்றைய எதிர்பார்ப்பை மனதில் மின்னிய கதையின் உயரத்தில் வைக்காமல், எண்ணக்கூடிய ஒன்றில் வைப்பது நல்லது: இத்தனை வரி, இத்தனை நிமிஷம். டிராலப்பின் 250 சொல் கணக்கு கலையை மலிவாக்கவில்லை. தினமும் நிறைவேறக்கூடிய ஒரு வாக்குறுதியை அவருக்குக் கொடுத்தது.

அவர் வேறொரு காரியமும் செய்தார். ஒவ்வொரு நாவலுக்கும் வாரம் வாரமாகக் கட்டம் போட்ட நாட்குறிப்பு ஒன்று வைத்து, நாள்தோறும் எழுதிய பக்கங்களைக் குறித்தார். ஓரிரு நாள் சும்மா இருந்தால் அந்த வெறுமை தன்னை முறைத்துப் பார்க்கும் என்று எழுதியிருக்கிறார். இலக்கை நோக்கிய முன்னேற்றத்தைக் கவனித்து வருவது பயன் தருமா என்று 138 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அலசல் ஒன்று 2016-ல் வந்தது. பயன் தருகிறது என்பதோடு, எங்காவது எழுதிப் பதிவு செய்தால் இன்னும் அதிகம் என்றும் அது சொன்னது.

எத்தனை நாளில் பழக்கம் ஆகும்? 21 நாள் என்று பலரும் சொல்வதற்கு மூலம், 1960-ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் தம் நோயாளிகளைப் பார்த்து எழுதிய ஒரு கவனிப்பு. நம் ஊர் மருத்துவத்தில் ஒரு மண்டலம் 48 நாள். லண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து, 2010-ல் சொன்ன நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து, 12 வாரத்துக்கு அப்பாலும் நீட்டிக் கணக்கிட்டால் 254 நாள் வரை போனது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற காரியங்கள் சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி நேரம் எடுத்தது. எனக்கு ஆறுதல் தந்தது அதே ஆய்வின் இன்னொரு முடிவு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

பாதிப்பது விட்டுப்போன நாளுக்கு அடுத்த நாள் எடுக்கும் முடிவு. டயட்டில் இருந்தவர்களுக்கு மில்க் ஷேக் கொடுத்துக் குடிக்கவைத்த பிறகு ஐஸ்கிரீம் வைத்தால், அவர்கள் கட்டுப்பாட்டை விட்டு அதிகமாகத் தின்றார்கள் என்று 1970-களில் பீட்டர் ஹெர்மனும் ஜேனட் பொலிவியும் தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டின. முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு என்ற நம் பழமொழி அப்படியே அந்த மனநிலை. திருமணம், காய்ச்சல், பிள்ளைகளின் தேர்வு என்று நான்கு நாள் போனால் நான்கு நாள்தான் போயிருக்கிறது. 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று ஜெயமோகன் வெளியிட்ட ‘வெண்முரசு’ 26 நாவல்களாக வளர்ந்தது. அதிலும் நாவலுக்கும் நாவலுக்கும் இடையே இடைவெளிகள் இருந்தன.

எப்போது உட்காருவது என்பதை மணியை வைத்து முடிவு செய்வதைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தின் வாலில் கட்டிவிடலாம். 1997-ல் வெளியான ஓர் ஆய்வில் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம், கிறிஸ்துமஸ் முன்னிரவை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார். எங்கே, எப்போது எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் எழுதி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். டிராலப்புக்குக் காபி கொண்டுவர ஆள் இருந்தது, கைப்பிரதியைப் படியெடுக்க மனைவி இருந்தார். நம் வீடுகளில் எழுதும் பெண்களுக்கு ஐந்தரை மணி அடுப்படிக்குச் சொந்தம். ஸ்கூல் வேன் திரும்பிய அடுத்த நிமிஷம் என்றோ, மதியம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தவுடன் என்றோ வைத்துக்கொண்டால் அதுவும் அதே அளவு வலுவான குறிப்பு. அந்த அரை மணியை யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்வது வீட்டில் உள்ள மற்றவர்களின் பொறுப்பு. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். 1928-ல் மரியா ஓவ்சியான்கினா என்ற உளவியலாளர், ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தப்பட்டவர்கள் யாரும் சொல்லாமலே அதற்குத் திரும்பிப் போய் முடிக்க முயல்கிறார்கள் என்று கண்டார். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும் இடத்திலேயே அன்றைய எழுத்தை நிறுத்துவதாக 1958-ல் வெளியான பேட்டியில் ஹெமிங்வே சொன்னதற்குப் பின்னால் இருப்பது இந்த இழுப்பாக இருக்கலாம். அத்தியாயத்தை முடித்துவிட்டுப் படுத்த மறுநாள்தான் எனக்கு எப்போதும் கடினம். பேச்சின் நடுவில் விட்டால், பல் துலக்கும்போதே பதில் வரி வந்துவிடுகிறது.

அதற்காக மேசையை விட்டுச் சீக்கிரம் எழுந்துவிடவும் கூடாது. நேரம் ஆக ஆகக் கற்பனை வற்றிவிடும் என்று மக்கள் நம்புகிறார்கள். ஆனால் யோசனைகளின் தரம் குறைவதில்லை, சில சமயம் கூடுகிறது என்று பிரையன் லூகாஸும் லோரன் நார்ட்கிரென்னும் 2020-ல் காட்டினார்கள். பத்தாவது நிமிஷம் ‘இன்றைக்கு ஓடவில்லை’ என்று தோன்றுவது நம்பத்தக்க அளவுகோல் அல்ல.

யோசனை வரட்டும், உட்காருகிறேன் என்று காத்திருப்பவர்களுக்காக உளவியலாளர் ராபர்ட் பாய்ஸின் 1983 ஆய்வு இருக்கிறது. 27 கல்லூரி ஆசிரியர்கள், மூன்று குழு. ஒரு குழு அவசரம் தவிர எழுதக் கூடாது. ஒரு குழு தோன்றும்போது எழுதலாம். மூன்றாவது குழு தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் அட்டவணைப்படி எழுத வேண்டும். மூன்றாவது குழு அதிகப் பக்கங்கள் எழுதியதில் வியப்பில்லை. புது யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம்: ஏறத்தாழ நாளுக்கு ஒன்று. தோன்றும்போது எழுதியவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று, எழுதாதவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று. சிறிய ஆய்வு, அவர்கள் எழுதியதும் கதை அல்ல. இருந்தாலும், உட்கார்ந்த பிறகுதான் வருகிறது என்பதை என் நோட்டுகளில் தேதி வாரியாகப் பார்த்திருக்கிறேன்.

1858 பிப்ரவரியில் தபால் ஒப்பந்தம் பேச டிராலப் எகிப்துக்குக் கப்பலேறினார். வீட்டு மேசை இல்லை, காபி கொண்டுவரும் முதியவர் இல்லை, குமட்டல் வேறு. தாள்களைக் கப்பல் மேசையிலேயே விட்டுவிட்டு அறைக்குள் ஓடி வாந்தியெடுத்துவிட்டுத் திரும்பி வந்து எழுதினார். அந்தப் பயணத்தில் ஒரு நாவல் முடிந்தது. மறுநாள் அடுத்த நாவலின் முதல் பக்கத்தைத் தொடங்கினார்.