கவிழ்ந்த ரிமோட் படகுக்காகத் தண்ணீரில் இறங்காதீர்கள்

மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி வாய்க்கால்களில் தண்ணீர் வந்ததும் தஞ்சாவூரில் என் ரிப்பேர் கடைக்கு ரிமோட் படகுகள் வரத் தொடங்கிவிடும். "கவுந்துருச்சுண்ணே, இறங்கி எடுத்துட்டு வந்துட்டேன்" என்று பையன்கள் சாதாரணமாகச் சொல்லும்போது எனக்குப் பகீரென்கிறது. ஓரத்தில் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும். இரண்டு எட்டு வைத்தால் மணல் அள்ளிய பள்ளம். மதகுக்குப் பக்கத்தில் இழுப்பு மேலே தெரியாது. கோயில் குளமென்றால் படியெல்லாம் பாசி. நீச்சல் தெரிந்தவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள். படகைக் கரையில் நின்றே எடுக்க வழி இருக்கிறது.

படகு கவிழ்ந்ததும் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். பதற்றத்தில் எல்லோரும் அழுத்திப் பிடிப்பார்கள். குழாய் வழியாகத் தண்ணீர் இழுத்து மோட்டாரைக் குளிர்விக்கும் படகு கவிழ்ந்துவிட்டால், அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வராது; அப்போது மோட்டார் சுற்றினால் சூடேறிக் கருகும். ஆன்டெனாவும் தண்ணீருக்குள் போயிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தண்ணீரில் வெகுதூரம் போகாது. "ரிமோட் வேலை செய்யல" என்று என்னிடம் வருவதில் பாதி இந்தச் சமாச்சாரம்தான்.

தானே நிமிரும் வசதியுள்ள பல படகுகளில் உடலின் ஒரு பக்கத்தில் காலி அறை ஒன்று இருக்கும். கவிழ்ந்ததும் அதன் துளை வழியாகத் தண்ணீர் புகுந்து அந்தப் பக்கம் கனத்துத் தாழும். காற்றடைத்த மறுபக்கம் மேலே வரும். படகு மெல்லப் புரண்டு நிமிர்ந்துவிடும். அப்புறம் ஓட்டினால் உள்ளே போன தண்ணீர் பின்புறமாக வடிந்துவிடும். இதற்குச் சில விநாடிகள் பிடிக்கும், படகு அசையாமல் இருக்க வேண்டும். மேல்மூடி சரியாக மூடாமல் உடல் முழுக்கத் தண்ணீர் ஏறிவிட்டால் இந்த வித்தை பலிக்காது. அதனால் விடும் முன் மூடி விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள், தண்ணீர் புகும் அந்தப் பக்க அறையை விட்டுவிட்டு, மூடிக்கு உள்ளே காலி இடத்தில் நுரைத்துண்டு அடையுங்கள். நிமிராவிட்டாலும் மூழ்காமல் மிதக்கும்.

நிமிராத படகைக் குளத்தில் எடுக்கத் தூண்டில் கழி போதும். முள்ளைக் கழற்றிவிட்டு டென்னிஸ் பந்தைக் கட்டுங்கள். படகைத் தாண்டி வீசி, நரம்பு படகின் மேல் விழுந்ததும் நிதானமாகச் சுற்றுங்கள். காற்று உங்கள் பக்கம் அடித்தால் அதுவும் வேண்டாம், காத்திருந்தால் தானே ஒதுங்கும்.

ஓடும் வாய்க்காலில் படகு நிற்காது. அதன் பின்னால் ஓடாமல், முந்திக்கொண்டு கீழே போங்கள். காலி தண்ணீர் பாட்டில்களை இடைவெளி விட்டுக் கட்டிய கயிற்றின் ஒரு முனையோடு ஒருவர் பாலம் வழியாக அக்கரைக்குப் போகட்டும். கயிறு குறுக்கே நேராக வேண்டாம், சாய்வாக இருக்கட்டும். அதில் முட்டும் படகு தண்ணீரின் வேகத்திலேயே கரைப்பக்கம் சரிந்து வரும். மதகுக்கு மேல்புறம் மட்டும் படகு விடாதீர்கள். ஆகாயத்தாமரை மண்டிய இடமும் வேண்டாம்: வேர் புரொப்பெல்லரில் சுற்றினால் படகு அங்கேயே கிடக்கும்.

மீட்டதும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். நனைந்த லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை அன்றே சார்ஜ் போடக் கூடாது. துடைத்து, வீட்டுக்கு வெளியே சிமென்ட் தரையில் வைத்துக் கவனியுங்கள். கொஞ்சம் உப்பியிருந்தாலும் சார்ஜரில் மாட்டாமல் கடைக்குக் கொண்டு வாருங்கள்.